அக்காள் பெயரில் கொடுத்த ரத்தம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சண்முகவடிவைத் தெரியாத தாய் கிடையாது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடும் பெண்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். பதினோரு வருடமாகத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயா. எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாள். வாய்தான் கொஞ்சம் அதிகம். பால் போத்தலைக் கழுவாமல் கொண்டுவரும் தாய் அவளிடமிருந்து தப்பவே முடியாது.

போன வருடம் அவள் கணவன் அழகுமுத்துவின் முதுகில் இருந்த உணர்ச்சியற்ற தேமலைத் தொழுநோய் என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து தொடங்கிவிட்டால் யாருக்கும் தொற்றாது, முழுக்கக் குணமாகும் என்றும் சொன்னார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்காம்பராவில் ஒன்பது பிள்ளைகளே மிஞ்சின.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்து, பிற்காலத்தில் யாருக்கு நோய் வரக்கூடும் என்று பார்ப்பார்களாம். அவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை. நல்ல விசயம்தான். ஆனால் சண்முகவடிவு பயந்தது வேறொன்றுக்கு. ஆயாவுக்கும் வரப்போகுதாம் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த ஒன்பதும் போய்விடும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு முடியாவிட்டால் தங்கையோ மகளோ அவள் பெயருக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். கங்காணி கண்டும் காணாமல் இருந்துவிடுவார். அந்தப் புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. தங்கை பிரியந்தியைக் கூப்பிட்டாள். பிரியந்தி ஆறு வருடம் இதே வீட்டில் இருந்து, போன தையில் கல்யாணமாகி மேட்டு லயத்துக்குப் போனவள்.

"எம் பேருக்கு நீ போயி ரத்தம் குடுத்துட்டு வாடி. ஒனக்கென்ன, நீ வேற வீடு."

"இது என்ன கொழுந்தாக்கா?" என்று முனகிக்கொண்டே போனாள் பிரியந்தி. சாயல் ஒன்று. வந்தவர்களுக்கு இவர்களைத் தெரியாது. தங்கைக்குக் கல்யாணம் ஆனதும் கிருமியும் விலகிப் போய்விடும் என்று சண்முகவடிவு நினைத்தாளே, மடச்சி!

ஐந்து வாரம் கழித்து ஆய்வுக் குழுவின் தாதி ஷிராணி மிஸ்ஸி பிள்ளைக்காம்பராவுக்கே வந்தார். தாய்மார் பால் கொடுக்க வந்திருந்த மத்தியான நேரம். சண்முகவடிவைத் தனியாக அடுப்படிக்கு அழைத்துப் போனார்.

"பயப்படாதீங்க, இது நோய் இல்ல. கிருமி ஒடம்புக்குள்ள போயிருக்கும்னு ரத்தம் காட்டுது. இந்த மாத்திரைய எம் முன்னாடியே முழுங்கிடுங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

உள்ளங்கையில் மாத்திரைகள். விழுங்கினால் காரியம் முடிந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒருத்திக்கும் தெரியாது. பிரியந்திக்கும் தெரியாது. தண்ணீர்க் கோப்பை உதடு வரை போய்விட்டது. அதைக் கீழே வைத்தாள்.

"இது எனக்குரியது இல்ல மிஸ்ஸி. அது எந் தங்கச்சி ரத்தம்."

"என்ன வேல பாத்திருக்கீங்க!" மிஸ்ஸியின் குரல் உயர்ந்துவிட்டது. "நீங்க இத முழுங்கியிருந்தா ஒங்க தங்கச்சியோட கதி?"

கதவுக்கு அந்தப்பக்கம் பேச்சு நின்றது. சண்முகவடிவு வெளியே வந்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"கேட்டீங்கதானே? கொழுந்து மலைக்குப் போயி பிரியந்தியக் கூட்டிட்டு வரணும். யாராச்சும் புள்ளைகளப் பாத்துக்கங்க."

எப்போதும் அவளிடம் ஏச்சு வாங்கும் நிலக்ஷிதான், "போங்கக்கா, நான் இருக்கேன்" என்றாள்.

அன்றே மிஸ்ஸி பிரியந்தியின் உடம்பைப் பார்த்தார். தேமல் எதுவும் இல்லை. அவள் மாத்திரையை விழுங்கி முடிக்கும்வரை சண்முகவடிவு கண்ணெடுக்கவில்லை. பிறகு ரத்தம் எடுக்கத் தன் கையை நீட்டினாள். அந்த ரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை.

மறுநாள் நான்கு பிள்ளைகள்தான் வந்தன. சண்முகவடிவு காலித் தொட்டில்களைப் பார்த்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிலக்ஷி கொண்டுவந்த பால் போத்தலைத் திறந்து பார்த்தாள். கழுவியிருக்கவில்லை. அவளைப் பிடித்து ஏசத் தொடங்கினாள்.