மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்

செத்தவர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பொம்பளை எங்கே இருக்கிறாள் என்று பாளையம்பட்டியில் யாரிடம் கேட்டாலும் என் கடையைக் காட்டுவார்கள். கொஞ்சம் தள்ளி நின்றுதான் காட்டுவார்கள்.

ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ் டிசைன் என்று போர்டில் எழுதியிருந்தாலும், சோறு போட்டதென்னவோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால், மூத்த மகனோ மருமகனோ சத்தமில்லாமல் வந்து படத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். முகத்தைத் துலக்கி, நெற்றியில் திருநீறு வைத்து, பின்னால் மேகத்தைப் போட்டு, தேதி மட்டும் எழுதாமல் வைத்திருப்பேன். உயிர் போனதும் போன் வரும். தேதியை அடித்து அச்சுக்கு அனுப்புவேன். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. கேதம் விழுந்த வீட்டில் போட்டோ தேட யாருக்கு நேரம் இருக்கிறது?

பிறகு ஆளாளுக்குச் செல்போனிலேயே படம் செய்து ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பித்தார்கள். நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, மில்லில் ஆள் எடுக்கிறார்களாம், வேன் நம் தெருமுனைக்கே வருகிறதாம் என்றார். நான் தட்டோடு எழுந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நான் மில்லில்தான் இருந்தேன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, படுத்தால் இருமல், எழுந்தால் இருமல். அப்பாதான் ஒரு நாள் மில் வாசலில் வந்து நின்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கம்ப்யூட்டர் கிளாசில் சேர்த்துவிட்டதும் அவர்தான். பருத்திக்காட்டைத் தவிர எதுவும் தெரியாத மனுஷன், யார் சொல்லி அதைச் செய்தாரோ இன்றுவரை எனக்குத் தெரியாது.

மில்லுக்குப் போகக் கூடாது என்ற வீம்பில்தான் வெப்சைட் யோசனை வந்தது. திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் கிடக்கிற எங்கள் ஊர்க்காரர்கள், ஊரில் யார் தவறினார்கள் என்று பார்த்துக்கொள்ள ஒரு தளம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் எந்த ஊர்க் கேதமானாலும் அதில் இருக்கும். ஆள் வந்து பார்ப்பார்கள். இன்டர்நெட் விளம்பரக் கம்பெனி அனுமதி கொடுத்தால் பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம் ஓடும், அதற்குக் காசு வரும், கடை பிழைக்கும். அனுமதி வராவிட்டால் மில் வேன். விஷயம் அவ்வளவுதான்.

மதுரையில் வெப்சைட் செய்து கொடுக்கிற ஒருவரைப் பிடித்துத் தளத்தைப் போட்டேன். கையில் இருந்த பழைய போஸ்டர்களை எல்லாம் ஏற்றினேன். விளம்பரக் கம்பெனி கொடுத்த கோட் வரிகளை அவர் சொன்ன இடத்தில் ஒட்டிவிட்டு விண்ணப்பம் போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றே பல நாள் காட்டியது. அப்புறம் ஒரு மத்தியானம் மெயில் வந்தது. உங்கள் தளத்தில் மதிப்புக் குறைந்த உள்ளடக்கம் இருப்பதால் அனுமதிக்க இயலவில்லை.

எனக்கு வந்ததே கோபம். யாருடா மதிப்புக் குறைந்தவர்கள்? கந்தகக் காட்டில் வெந்து, கரிமூட்டப் புகையில் இருமி, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களையா சொல்கிறாய் என்று ஆளில்லாத கடையில் சத்தம் போட்டேன். மதுரைக்காரர் போனில் சிரித்தார். மெஷினுக்குப் படத்தில் இருக்கிற எழுத்து புரியாதாம். ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு பத்தி எழுத வேண்டுமாம். எங்களைப் பற்றி, தொடர்புக்கு, தனியுரிமைக் கொள்கை என்று தனித்தனிப் பக்கமும் வேண்டுமாம். செத்தவர்களுக்கு என்ன தனியுரிமை என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் செய்தேன்.

கேத வீட்டுக்குப் போய்க் கேட்டால் என்ன சொல்வார்கள்? நல்ல மனுஷன், ஒருத்தர் பொல்லாப்புக்குப் போகமாட்டார், தன் கையே தனக்குதவி என்று இருந்தார். ஊர் மாறினாலும் இந்த மூன்றும் மாறவில்லை. நானும் மாய்ந்து மாய்ந்து எழுதினேன். மறுபடி விண்ணப்பம், மறுபடி அதே மெயில். எல்லாப் பக்கமும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல இருக்கிறது, அதனால்தான் மெஷின் தள்ளுகிறது என்றார் மதுரைக்காரர்.

அன்று சாயங்காலம் ரெட்டியபட்டியில் இருக்கிற அப்பாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"செத்துட்டா ஊருல கெட்டவனே கிடையாது தாயி. உசுரோட இருக்கையில போயிக் கேளு. அவுக வாயாலயே சொல்லுவாக" என்றார்.

வழி சொன்னது அவர்தான்.

படம் கொடுக்க வந்தவர்களிடம், வீட்டுக்கு வந்து அவரிடமே கொஞ்சம் பேசிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். முதலில் போனது பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் வீட்டுக்கு. மூச்சு வாங்க வாங்க, திருச்சுழி ரோட்டில் ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததையும், டிக்கெட் எடுக்காத அந்தப் பிள்ளையைப் பார்த்து டிரைவர் என்ன சொன்னார் என்பதையும் சொல்லிச் சிரித்தார். நான் போனில் பதிந்துகொண்டேன். அந்த வாரமே போய்விட்டார். அவர் கதையை ஏற்றியதும் துபாயிலிருந்தெல்லாம் ஆள் வந்து படித்தார்கள். அந்தப் பஸ் பிள்ளையே எங்கிருந்தோ எழுதியிருந்தது. அப்பா கூப்பிட்டு, கண்டக்டரை அப்படியே கண்ணு முன்னாடி நிப்பாட்டிட்ட என்றார். தம்பி கொடுத்த பழைய போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

அடுத்து முறுக்கு சுட்டு விற்ற ஒரு அம்மா. அவரும் நான் போய்விட்டு வந்த சூட்டோடு போய்விட்டார். அதற்கடுத்து தறிக்காரர் ஒருவர். படுக்கையில் கிடக்கிறவர்கள் போவது அதிசயமா? எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் நாலாவதாக ஒன்று நடந்தது. பத்திரிகைப் புரூஃப் காட்ட நான் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன். பெண்ணின் தாய்மாமன் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார், எனக்குக் காபி கொடுக்கச் சொன்னவரே அவர்தான். மறுநாள் காலையில் வேப்பங்குச்சியும் கையுமாகக் கிணற்றடியில் விழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் நீல ஸ்கூட்டர் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பேச்சு நின்றது. டீக்கடையில் என் பக்கத்தில் நின்றவர் கிளாசை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். படம் கொடுக்க வருகிறவர்கள்கூட, வீட்டுப் பக்கம் வந்துறாதம்மா, நாங்களே எழுதிக் கொடுத்துர்றோம் என்றார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் கடைக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோடு சொன்னாள்.

"எங்க மாமியா ரொம்ப நாளா படுத்த படுக்கையா கிடக்காக. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. வெளியே போ என்றேன். அதுவரைக்கும் ஊர்தான் நம்புகிறது என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்குப் போகும்போது வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்தேன். பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அங்கேதான் நிறுத்தினேன்.

எழுதியவற்றை வைத்து மூன்றாவது தடவை விண்ணப்பம் போட்டேன். இதுவும் போனால் கடைச்சாவியைக் கொடுத்துவிடுவது என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் மில்லில் விசாரித்து வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில்தான் அப்பாவின் போன் குறைந்தது. நான் கூப்பிட்டால் அம்மா எடுப்பாள். காட்டுக்குப் போயிருக்காக என்பாள். தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல என்பாள். இந்த ஞாயிற்றுக்கிழமை வாரேன் என்றால், தெருவுல அம்மை போட்டிருக்கு, வராத என்பாள். அடுத்த வாரம் வெயிலு. அதற்கடுத்த வாரம் நாங்களே அங்கிட்டு வாரோம். திருப்பூரிலிருந்து தம்பி ஊருக்கு வந்துவிட்டு என் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காமலே போனது அப்புறம்தான் தெரிந்தது. பொண்டாட்டி வந்த பிறகு அக்காவை மறந்துவிட்டான் என்று அதற்கும் ஒரு பாட்டுப் பாடினேன். எனக்கு அனுமதி ஒன்றுதான் கண்ணில் நின்றது.

மெயில் ஒரு புதன்கிழமை வந்தது. வாழ்த்துகள், உங்கள் தளம் விளம்பரங்களைக் காட்டத் தயார். திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்காரர் தூத்துக்குடி லோடு போயிருந்தார். இதை முதலில் கேட்க வேண்டியவர் அப்பாதானே. கடையைச் சாத்தினேன். அவருக்குப் பிடித்த காரச்சேவு அரைக் கிலோ வாங்கினேன். அம்மையாவது கிம்மையாவது என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வேலிக்கருவைதான். கரிமூட்டப் புகை காற்றில்லாமல் அப்படியே நின்றிருந்தது. எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, கம்பு காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சித்தி வண்டியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா தாயி" என்றார்.

அம்மா வாசலில் வந்து நிலையின் இரண்டு பக்கமும் கையை வைத்து மறித்தாள். பெற்ற வீட்டில் என்னை யாரும் அப்படி மறித்ததில்லை.

"உள்ள வராத. ஒன்னயக் கையெடுத்துக் கும்பிடுறேன். வந்த வண்டியிலயே போயிரு."

என்னம்மா, என்ன ஆச்சு என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்தாயிற்று. புற்று நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். தம்பிக்குத் தெரியும், சித்திக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நான் வந்துவிடுவேன். நான் போன வீட்டில்தான் யாரும் தங்கவில்லையே.

பெற்றவள் அதை நம்பினாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வரவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, பாதிக் குரல்.

"வரட்டும், விடு. நாந்தான எழுதச் சொன்னேன்."

கட்டிலில் பாதி ஆளாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மாவிடம் வெள்ளைச் சட்டையை எடுத்து வரச் சொன்னார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொல்லி, பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் சேவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் அப்ரூவல் வரலேல்ல?" என்றார். "என் கதைய எழுதிப் போடு. பொய்யில்லாத கதை, வந்துரும். நீ மறுபடி மில்லுக்குப் போகக் கூடாது தாயி."

மெயில் என் கையிலிருந்த போனில் இருந்தது. காட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். சந்தோஷப்பட்டு, சரி, வந்த வேலை முடிந்தது என்று கட்டிலில் போய்ப் படுத்திருப்பார், அப்புறம் எழுந்திருக்கமாட்டார். எனக்கு அது ஒரு நொடியில் தெரிந்தது.

"இன்னும் வரலப்பா" என்றேன். "சொல்லுங்க."

அம்மா வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். மில் வாசலில் வந்து நின்ற நாளில் வாட்ச்மேன் விடாததையும், அவன் காலில் விழுந்ததையும் போன வாரம்தான் சொன்னார். அவர் முடிக்கிற மாதிரி வந்தால் நான் இன்னொரு கேள்வி கேட்பேன். தளத்தில் விளம்பரத்தை நான் ஓட விடவில்லை. ஓடினால் அவர் போனில் பார்த்துவிடுவார். அதனால் வருமானமும் இல்லை. கடையைக் காலி செய்துவிட்டேன், திங்கள் முதல் சனி வரைக்கும் மில் வேனில் போகிறேன். பஞ்சைத் தட்டி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் ஞாயிறு ரெட்டியபட்டிக்கு வண்டியை எடுப்பது. இருமல் வந்தால் கொல்லைக்குப் போய் இருமிவிட்டு வருவேன்.

நேற்று அவருக்குப் பேச்சு நின்று நின்று வந்தது. சேவுப் பொட்டலத்தைத் தொடவில்லை.

"முடிச்சு விடு தாயி" என்றார். "அசதியா இருக்கு."

"கம்பெனிக்காரன் இன்னும் பத்தலேங்கிறாம்ப்பா" என்றேன். "மிச்சத்தை அடுத்த வாரம் சொல்லுங்க."

அவர் என் தலைமுடியிலிருந்து எதையோ எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு துணுக்குப் பஞ்சு. அதைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.