கொலன்னாவை அம்மாவின் குரல்

அண்ணியின் ஹெட்ஃபோனில் ஒரு பக்கக் காது உடைந்திருந்தது. கறுப்பு ஒட்டுநாடா சுற்றித்தான் பாவிப்பார். கொழும்பு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடியில் நானும் அண்ணியும் இருந்தோம். அண்ணா கட்டாரில் வேலை. அண்ணியின் ஒரே தம்பி போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். தொலைபேசித் தொடர்பு அறுந்து மாதங்களாகியிருந்தன.

கீழே ஒரு வாகனம் வந்து நின்றால் போதும், அண்ணிக்கு மூச்சு இறுகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் காற்றை இழுப்பார். டொக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, யோசிக்கிறதைக் குறையுங்கோ" என்றார். எதை யோசிக்காமல் விடுவது என்று அவர் சொல்லவில்லை. டொரொன்டோவில் இருந்த அண்ணியின் பள்ளிச் சிநேகிதிதான் இணையத்தில் கூடும் அந்தத் தியானக் குழுவில் அண்ணியைச் சேர்த்துவிட்டாள். அவர்களுக்குப் பின்னேரம், எங்களுக்கு விடியல். படம் வராது, குரல் மட்டும். பினாங்கிலிருந்து ஒரு சீன ஆசிரியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, முதலில் சீகோங் பயிற்சி: முழங்காலைச் சற்று மடித்து, நீருக்குள் கையை உயர்த்துவதுபோல மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து புத்த முறைத் தியானம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் இருந்த காலம். "பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பினம், அண்ணி?" என்று ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"எனக்கு மூச்சு எடுக்க வேணும். ஆர் சொல்லித் தந்தால் என்ன?" என்றார்.

குழுவில் கொழும்புக் குரல் இன்னொன்றும் இருந்தது. கொலன்னாவையில் வசிக்கும் ஒரு சிங்கள அம்மா. தொடக்கத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், முடிவில் நன்றி சொல்வார். இருமல் உள்ளவர். அவரைப் பற்றி அண்ணிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கும் அண்ணியைப் பற்றி அதற்கு மேல் தெரியாது.

ஒரு காலை, அண்ணி கையை உயர்த்தியபடி நிற்கையில் எங்கள் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். கதவைத் தட்டிய சத்தத்துக்கு நான் ஓடிப்போய்த் திறந்தேன். இரண்டு பொலிஸ்காரர்களும் துப்பாக்கியோடு ஓர் இராணுவச் சிப்பாயும். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் மூத்த பொலிஸ்காரரின் முகம் மாறியது. கணினியைக் கண்டார். "மேக்க மொக்கத?" இது என்ன என்று கேட்டுக்கொண்டே ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினார். உடனே ஸ்பீக்கரில் ஆசிரியையின் குரல் அறையெங்கும் கேட்டது: "மெதுவாக... இன்னும் மெதுவாக... கீழே இறக்குங்கள்." சிப்பாய் துப்பாக்கியை நிமிர்த்தினான்.

அண்ணிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அன்று ஒரு சொல்லும் வரவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது. வெளிநாட்டுக் குரல், கணினி, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. இவ்வளவும் போதும், அண்ணியைக் கொண்டுபோனால் எங்கே தேடுவது என்றுதான் என் மனம் ஓடியது.

மேசையில் மைக் அணையாமல் நின்றது. அதனால் அவர்கள் பேசியது அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஒரு இருமல். பிறகு சிங்களத்தில், "மஹத்தயா, இது பாவனா, தியானப் பயிற்சி. நாங்கள் எல்லோரும் காலையில் ஒன்றாகத் தியானம் செய்கிறோம். அந்த நோனாவை விடுங்கள்."

"நீங்கள் யார்?"

"கொலன்னாவையில் இருக்கிறேன். என் மகனும் ஆமியில்தான். இப்போது வன்னியில் முன்னணியில் நிற்கிறான்."

பொலிஸ்காரர் ஸ்பீக்கரைப் பார்த்தார். அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அண்ணி கணினியை அணைத்தார். நன்றி சொல்லவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "அவவின்ர மகன் சுடுற பக்கத்திலதான் என்ர தம்பி நிக்கிறான்." அதற்குப் பிறகு பல நாட்கள் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. மூச்சு இறுக்கம் முன்னையிலும் மோசமாக வந்தது. கடைசியில் ஒரு காலை தானாகவே எழுந்து போய் நின்றார். அந்த அம்மா வழமைபோல வணக்கம் சொன்னார். அண்ணியும் சொன்னார். வேறொன்றும் கதைக்கவில்லை.

போர் முடிந்ததென்று பெருந்தெருவான காலி வீதியில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் யன்னல்களைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். சில நாட்களுக்குப் பின், பயிற்சி தொடங்குமுன் கொலன்னாவை அம்மா அழுதுகொண்டே, மகன் கால் ஒன்றை இழந்து உயிரோடு வந்துவிட்டான் என்றாராம். அண்ணி ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சும்மா ஓடியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போய், சிங்களத்தில், "உங்கள் மகன் வந்தது எனக்குச் சந்தோஷம்" என்றார். பிறகு, "என் தம்பியும் அங்கேதான் இருந்தான். இன்னும் ஒன்றும் தெரியாது" என்றார்.

ஹெட்ஃபோனில் அந்த அம்மா என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. அண்ணி தம்பியின் பெயரைச் சொன்னார். நடுவில் ழகரம் வரும் பெயர். அந்த அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை போலும். அண்ணி மறுபடி சொன்னார். பிறகு இன்னும் மெதுவாக, பிள்ளைக்குப் பேச்சுப் பழக்குவதுபோல. தியானத்தின் முடிவில் நலமாய் இருக்கட்டும் என்று வேண்டும்போது சொல்வதற்காக அந்த அம்மா பெயரைக் கேட்டிருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன்.

தம்பியைப் பற்றி இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. ஆனால் அபசகுனமாகிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்காக எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதிருந்த அந்தப் பெயரை, அன்று காலை அண்ணி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.