இடது பக்கம் திரும்பாத ஸ்டியரிங்

பேய்க் கதை என்றால் நடு ராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இதில் இரண்டும் இல்லை. கொளுத்துகிற வெயில், உச்சிப் பொழுது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் சொந்த ஷெட். பொய் சொல்கிறவன் தன்னைப் பெரிய வீரனாகக் காட்டிக்கொள்வான். நான் அரை டிராயரோடு தெருவில் ஓடியதைச் சொல்லப் போகிறேன். மானம் கெட்டுப் போய்ப் பொய் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

என் பெயர் தர்மன். கார் மெக்கானிக். 1969ஆம் வருஷம் சின்ன காஞ்சிபுரத்து முரளீதரன் சார் சென்னையில் ஒரு பழைய வண்டி வாங்கி வந்தார். இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. வாங்கியது அவருக்கு இல்லை, தங்கை மங்கைக்கு. அந்தம்மா அப்போதுதான் டாக்டர் படிப்பை முடித்திருந்தார். சுற்றுப்பட்டு ஊர்களுக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனால் முசரவாக்கம் ரோட்டில் ஒரு தடவை போனதற்கே வண்டியின் வயிறு தரையில் இடித்துவிட்டது. சார் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடை ஒன்றில் நாலு பெரிய சக்கரம் பிடித்துக்கொண்டு வந்தார். இதைப் போட்டால் வண்டி உயரும், வெள்ளிக்கிழமை மங்கை ஓட்ட வேண்டும் என்றார்.

சக்கரத்தை மாட்டுவது பெரிய காரியமில்லை. பெரிய சக்கரம் போட்டால் அதைத் திருப்புகிற ஸ்டியரிங்குக்குப் பாரம் கூடும். பாதி வழியில் கம்பி ஒடிந்தால் ஆள் காலி. ஒரு டாக்டரம்மா உயிர் என் கையில் இருக்கிறது என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அதனால் ஸ்டியரிங் பெட்டி உட்காரும் இடத்தில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். திருப்புகிற ராடுகளைக் கழற்றிவிட்டு ஒரு வேன் ராடுகளை வெட்டிப் போட்டேன். எனக்கே திருப்தி. யானை ஏறினாலும் அசையாது என்று சாரிடம் பெருமையடித்தேன்.

அன்றைக்கு அமாவாசை. அமாவாசையில் எங்கள் பக்கம் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளில் ஷெட்டைச் சுற்றித் தறிச் சத்தம் காதைத் துளைக்கும். அன்றைக்குத் தெருவே செத்துக் கிடந்தது. என் மச்சான் கண்ணாயிரம்தான் எனக்கு உதவி. ஸ்டியரிங் வீலின் மரப்பிடி விரிசல் விட்டிருந்தது. வீலைக் கழற்றி எடுத்துக்கொண்டு காலையிலேயே ஆசாரி வீட்டுக்குப் போயிருந்தான். நான் வண்டியைத் தாங்கிக் கட்டைகள்மேல் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்து நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

நகராட்சிச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதியது.

ஊதி முடிந்ததும் என் முகத்துக்கு மேலே இருந்த ராடு அசைந்தது. மெதுவாக வலது பக்கம் போயிற்று. தொங்கிக்கொண்டிருந்த இரண்டு சக்கரமும் கூடவே திரும்பின.

கண்ணாயிரம் வீலோடு வந்துவிட்டான் போல என்று நினைத்தேன். இது எங்களுக்குப் பழக்கம். ஒருத்தன் மேலே உட்கார்ந்து திருப்புவான். இன்னொருத்தன் அடியில் படுத்துக் கையை வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். பேச்சே வேண்டாம். லெஃப்ட்டு, ரைட்டு, அவ்வளவுதான்.

“ரைட்டு” என்றேன். முழுக்கப் போயிற்று. சுத்தமான வேலை. “லெஃப்ட்டு” என்றேன். பாதி வந்து நின்றது.

மறுபடி சொன்னேன். மறுபடி பாதியில் நின்றது. ராடு மட்டும் லேசாக நடுங்கியது... யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பது தெரிந்தது. அடியில் தட்டுகிற இடமே இல்லை. என் கையால் தள்ளினால் சுலபமாகப் போகிறது.

எனக்கு வாய் கொஞ்சம் மட்டம். வெயில் வேறு, அடியில் புழுக்கம். வேலையில் கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்றே தெரியாது.

“இழுடா, சோத்தால அடிச்ச பிண்டம். கையில வளையல் போட்டுக்கினு வந்தியா?”

அதோடு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு சொன்னதை எழுத மாட்டேன். பொம்பளைகளை வைத்து அசிங்கமாகத் திட்டுவோமே, அந்த மாதிரி. வாய் வலிக்கும் வரைக்கும் திட்டினேன்.

மேலே ‘கிலுங்’ என்றது.

கண்ணாடி வளையல் சத்தம்.

கை நிறையப் போட்டிருந்தால் வருமே, அந்தச் சத்தம்... ராடு மறுபடி இடது பக்கம் வந்தது. பாதியில் நின்றது. நடுங்கியது. கிலுங்... கிலுங்...

“கண்ணாயிரம்?”

தலையைத் திருப்பிப் பார்த்தேன். வாசலில் அவன் செருப்பு இல்லை.

வெளியே நகர்ந்து எழுந்தேன்.

சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் வீலே இல்லை. வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தண்டு திரும்பிக்கொண்டிருந்தது.

இடது பக்கம்... பாதியில் நின்றது.

ஓடினேன். ஜாக்கிக் கம்பியில் மாட்டி லுங்கி அங்கேயே நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. தெரு முனையில் வந்துகொண்டிருந்த ரிக்‌ஷாவில் மோதித்தான் விழுந்தேன். அதில் உட்கார்ந்திருந்தது மங்கை. வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார். படைத்துவிட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லா மாடியிலும் நின்று பார்த்தார்கள். சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் செத்துவிடலாம் என்று இருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாயிரம் வீலோடு வந்து, தன் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டினான். முரளீதரன் சாரும் வந்தார். பேசாமல், ‘குடித்திருந்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். மரியாதை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை இந்தம்மா ஓட்டப் போகிறதே. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். திட்டியதை மட்டும் விட்டுவிட்டேன். பகலிலேயே சாராயமா என்று சார் கேட்டார். வேலையைக் கெடுத்துவிட்டுப் பேய்மேல் பழி போடுகிறேன் என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

மங்கைதான் வீலை மாட்டச் சொன்னார். வண்டியைத் தரையில் இறக்கினோம். சார் உட்கார்ந்து திருப்பினார். கொஞ்சம் கனம், அவ்வளவுதான், இரண்டு பக்கமும் போயிற்று. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்து மங்கை உட்கார்ந்தார். வலது பக்கம் வந்தது. இடது பக்கம் இழுத்தார். பாதியில் நின்றது. இரண்டு கையாலும் இழுத்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

“அண்ணா, யாரோ என் கையைப் பிடிச்சிண்டிருக்கா. ஜில்லுனு இருக்கு.”

சார் என் பக்கம் பார்க்காமலேயே சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்.

சின்னச் சக்கரங்களை மாட்டினேன். மங்கை ஒரு விரலால் திருப்பினார். கனம் தாங்குமா என்று இரும்பைத்தான் பார்த்திருந்தேன். பிடிக்கிற கை யாருடையது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த மாதம் வயதான ஒருவர் என் ஷெட்டைத் தேடி வந்தார். டாக்டர் கலியாணசுந்தரம், அந்த வண்டியை விற்றவர். முரளீதரன் சார் அவரிடம் விசாரிக்கப் போனபோது இங்கே நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். மூலையில் கிடந்த பெரிய சக்கரங்களைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்பக்கத்தில் அவரே போட்ட வெள்ளைப் பெயிண்ட் குறி இருந்தது.

முன்னே இந்த வண்டியில் அவர்தான் அந்தச் சக்கரங்களைப் போட்டிருக்கிறார். அவர் மனைவி ஓட்டிக்கொண்டு போய், ஒரு இடது வளைவில் திருப்ப முடியாமல் புளியமரத்தில் மோதி இறந்துபோயிருக்கிறார். அந்தச் சக்கரங்கள் மறுபடி இந்த வண்டியில் ஏறவே கூடாது என்றுதான் அவற்றைத் தனியாகப் புதுப்பேட்டையில் போட்டாராம். அவை எப்படித் திரும்பி வந்தன என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வளையல் சத்தத்தைச் சொன்னேன். அவர் அந்த வெள்ளைக் குறியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“வண்டி ஓட்ட இடைஞ்சல்னு அவ வளையலே போடமாட்டா. சுமங்கலியாப் போனாள்னு, எடுக்கிற அன்னிக்குத்தான் ரெண்டு கையிலயும் அடுக்கினாங்க.”

அவர் கண்ணில் ஏதோ ஆசை. பக்கத்தில் வந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் போய் இரண்டு வருஷம் ஆயிற்று, அதற்குப் பிறகு அவளோடு பேசிய ஒரே ஆள் நீங்கள்தான் என்றார்.

“அவகிட்ட நீங்க என்ன பேசினீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.