ரமணி டீச்சர் கேட்ட கூரை

கையில் ஒட்டடைக்கம்போடு வழக்கம்போல் காலையில் ரமணி டீச்சருக்குப் போன் செய்தேன். எடுத்தது அவர் மகள். “அம்மா வெடிகாலைல போய்ட்டாங்க டீச்சர்” என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையோடு வாசலில் காத்திருந்தார்கள். நான் அண்ணாந்து கூரையைத்தான் பார்த்தேன். அழுகை பிறகுதான் வந்தது. ரமணி டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வெள்ளானூரில் எங்களுடையது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசு தரும். கட்டடம் நிர்வாகத்தின் பாடு. நிர்வாகமோ எப்போது கேட்டாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்னும். அதனால் தலைமை ஆசிரியையான ரமணி டீச்சர், மழைக்காலம் முழுக்கப் பிரார்த்தனைக்கு முன் ஒட்டடைக்கம்பின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு வகுப்பின் கூரையையும் தட்டுவார். கெட்டியாகக் கேட்டால் பிள்ளைகள் உள்ளே. பூச்சு விட்டுப்போய் உள்ளே காலியாகக் கேட்டால் வெளியே.

“மேல யாரு குடியிருக்காங்கன்னு டெய்லி தட்டிகினே கீறீங்க?” என்று சத்துணவு சமைக்கும் மல்லிகாக்கா கிண்டல் செய்வார்.

“எமன்தான். தூங்குறானா, முழிச்சிகினு கீறானான்னு பாக்குறேன்” என்பார் டீச்சர். முகத்தில் சிரிப்பு இருக்காது.

ஒருமுறை ஆண்டாய்வுக்கு முன் நிர்வாகம் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியது. டீச்சர் வாசலிலேயே மறித்தார். “இன்னாத்துக்கு மூடுறீங்க? விரிசல் தெரிஞ்சாதான் பயம் இருக்கும். பயம் இருந்தாதான் புள்ளைங்க ஊடு போய்ச் சேரும்” என்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரி விரிசலைப் பார்த்து மூன்றாம் வகுப்பைப் பூட்டச் சொன்னார். அதன்பின் பள்ளி நிர்வாகச் செயலாளர் டீச்சரோடு முகங்கொடுத்துப் பேசவேயில்லை.

அவர் ஓய்வு பெற்று ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டுக்குப் போன கோடையிலேயே அந்த அறைக்கு வெள்ளையடித்துத் திறந்துவிட்டார்கள். பொறுப்புத் தலைமை ஆசிரியை நான். விரிசல் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் வரும் சத்தமும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது. டீச்சருக்குப் போன் போட்டு அழுதேன். “போனை மேல தூக்கிப் புடிச்சிகினு தட்டு, நான் கேக்குறேன்” என்றார். அன்றிலிருந்து மழைக்காலக் காலைகளில் அதுதான் எங்கள் வழக்கம். தட்டி முடித்தபின் இன்னொரு தடவை தட்டச் சொல்வார். பிறகு, “சரி, உள்ள உடு” என்பார்.

டீச்சர் இறந்த காலையிலேயே நான் மூன்றாம் வகுப்பு அறையைப் பூட்டிவிட்டேன். அடக்கம் முடிந்த அன்றே செயலாளர் அழைத்தார். “துக்கமெல்லாம் சரி டீச்சர், நாளைக்கு அந்த ரூமைத் தொறந்துடுங்க.”

“எனக்குப் பயமா இருக்கு சார். தொறக்க மாட்டேன்” என்றேன்.

மூன்றாம் வகுப்பை இப்போது நான்காம் வகுப்போடு நெருக்கி உட்கார வைத்திருக்கிறோம். இன்று காலை நான்காம் வகுப்பின் கூரையைத் தட்டினேன். கை தானாகப் போனைத் தூக்கிப் பிடித்தது, கேட்க யாருமில்லை. அவருடைய காது எனக்கு வாய்க்கவில்லை. அவருடைய பயம் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை விட மாட்டேன்.

“தூறுது டீச்சர், புள்ளைங்கள உள்ள உடலாமா?” என்றார் மல்லிகாக்கா.

இன்னொரு முறை தட்டினேன். புரியவில்லை.

“வெளியவே இருக்கட்டும்” என்றேன்.