அடியில்லா ஆட்டம்

யோகராணி வெங்காயத்தைக் கையில் கொடுப்பதில்லை, எறிவாள். கை தொடைக்குக் கீழே போகும், மணிக்கட்டு ஒரு சுண்டுச் சுண்டும், வெங்காயம் குசினியின் மறுதொங்கலில் நிற்கும் கணவர் மகேஸ்வரனின் நெஞ்சுக்கு நேரே போய்ச் சேரும். பிடிக்காவிட்டால் அது அவருடைய பிழை. "கண்ணைத் திறந்துகொண்டு நில்லுங்கோ." கார்த் திறப்பு, ரிமோட், உருளைக்கிழங்கு எல்லாவற்றுக்கும் அதே வழிதான். ஒருநாள் தயிர்ப் பெட்டியும் பறந்தது. மூடி நல்ல இறுக்கம், குடும்பம் தப்பியது.

வயது ஐம்பது தாண்டிவிட்டது. கனடாவின் மிசிசாகாவில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் மோர்னிங்சைட் பெண்கள் சொஃப்ட்போல் அணிக்குப் பந்து எறிபவள். இவள் வயதுக்காரிகள் கொலஸ்ரரோலுக்குப் பயந்து பூங்காவைச் சுற்றி நடக்க, இவள் விளையாட முள்ளுச் சப்பாத்து வாங்கினாள். "நடந்து ஆர் மெலிஞ்சது? எனக்கு ஆரையாவது அவுட்டாக்க வேணும்."

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஓர் ஆட்டம் முழுக்க, எதிரணியில் ஒருத்தியும் பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸை எட்டாதபடி எறிய வேண்டும். ஆங்கிலத்தில் நோ-ஹிட்டர். விளையாட்டுச் சங்கத் தலைவர் இராஜரட்ணம் அதை 'அடியில்லா ஆட்டம்' என்று தமிழ்ப்படுத்தி, ஒரு ஷீல்டும் அறிவித்திருந்தார். இதுவரை ஒருவரும் வாங்கவில்லை. "எனக்கு அடியில்லாத நாளே இல்லை," என்றார் மகேஸ்வரன், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

இந்தக் கோடையில் அஜின்கோர்ட் அணியோடு இறுதியாட்டம். ஐந்து இன்னிங்ஸ் அஜின்கோர்ட் பெண்கள் காற்றைத்தான் அடித்தார்கள். இன்னும் இரண்டு மிச்சம் இருக்க, யோகராணியின் தோள் பிடித்துக்கொண்டது. மட்டைக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கப்டன் செரீனா ஓடி வந்தாள்.

"அன்ரி, பந்தைத் தாங்கோ."

"இது என்ர ஆட்டம்."

"கை உயரேல்ல அன்ரி. யூ ஆர் டன்."

அடுத்து எறிய வந்தவள் கிறிஸ்ரினா. சுவிங்கம் சப்பிக்கொண்டு பந்து எறிகிற பெட்டை. அந்தச் சுவிங்கத்துக்காகவே யோகராணிக்கு அவளைப் பிடிக்காது. அன்றைக்கு யோகராணி பந்தை அவளிடம் எறியவில்லை, உள்ளங்கையில் வைத்தாள். தோள் அவ்வளவுக்குப் போயிருந்தது.

மைதான ஓரத்து வாங்குப் பலகையில் வந்து இருந்தாள். இருந்தாள் என்றுதான் பெயர். ஒவ்வொரு பந்துக்கும் முழங்கால் துள்ளியது. "ஒரு அடி குடுத்தாளெண்டால் கொல்லுவன்," என்று துவாயைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கிறிஸ்ரினா கொடுக்கவில்லை. கடைசிப் பெண் மட்டையை வீசி முடித்தபோது பந்து செரீனாவின் கையுறைக்குள் கிடந்தது. யோகராணி பிடித்த தோளையும் மறந்து ஓடிப்போய்க் கிறிஸ்ரினாவைத் தூக்கினாள். சுவிங்கம் யோகராணியின் கொண்டையில் ஒட்டியது. வீட்டுக்குப் போய் மயிரைக் கத்தரித்துத்தான் எடுத்தாள், ஒரு முறைப்பாடும் இல்லை.

மறுகிழமை இராஜரட்ணம் அழைத்தார். "பிள்ளை, ரெண்டு பேர் எறிஞ்சால் அது பங்குக் காணி மாதிரி. ஆரின்ர எண்டு சொல்லுறது? கூடுதலா எறிஞ்சது நீர். உம்மட பேரிலேயே ஷீல்டைத் தாறம்."

"நான் எறிஞ்சது முடியாத ஆட்டம் அண்ணை. முடிச்சது அவள்."

"தனிய எறியிறதுதானே பெரிசு."

"தனிய எறியிறது லேசு. பந்து கையில இருந்தால் பயம் தெரியாது. குடுத்திட்டு வாங்கில இருந்து பாருங்கோ, கடிக்கத் துவாய் காணாது."

"அப்ப ஷீல்ட் வேண்டாமோ?"

"ஏன் வேண்டாம்? வேணும். ரெண்டு பேரையும் போட்டுத் தாங்கோ."

"அதில உம்மட பேரை அடிச்சாச்சு, பிள்ளை."

விருந்து மண்டபத்தில் சங்கமே கூடியிருந்தது. கிறிஸ்ரினா சேலை கட்டி வந்து பின்வரிசையில், இட்ஸ் ஃபைன், இட்ஸ் ஃபைன் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். யோகராணி மேடைக்குப் போய் ஷீல்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அடியில்லா ஆட்டம், யோகராணி அவர்கள். மைக்கை எடுத்தாள்.

"இராஜரட்ணம் அண்ணை சரியாத்தான் போட்டிருக்கிறார். அவர்கள் எண்டு இருக்கு. அவர்கள் எண்டால் ஒரு ஆளோ?"

"அது மரியாதைக்குப் போட்டது பிள்ளை," என்றார் தலைவர் அவசரமாக.

"என்ர வீட்டில என்னை ஆரும் அவர்கள் எண்டு கூப்பிடுறேல்ல. கேட்டுப் பாருங்கோ அந்த மனுசனை."

மகேஸ்வரன் எழுந்து, "ஓம், இல்லை," என்றார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. இராஜரட்ணமும் கடைசியில் சிரித்துத் தொலைத்தார்.

"கிறிஸ்ரினா, வா இஞ்ச. அந்தக் கண்டறியாத சுவிங்கத்தைத் துப்பிப்போட்டு வா."

அவள் வந்தாள், துப்பாமல்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஷீல்டைப் பிடித்தார்கள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. படம் எடுப்பவர் கமராவைத் தாழ்த்தினார்.

"அன்ரி, உங்கட விரல் பேரை மறைக்குது. அவர்கள் மட்டும்தான் தெரியுது."

யோகராணி நேரே கமராவைப் பார்த்தபடி, பெருவிரலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தாள்.