பதினோராவது எழுத்து

நிரல் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னர் கிடங்கின் வாசலுக்கு சி மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தவள் நான். உள்ளே வரும் பெட்டியின் எண்ணைச் சேமித்து வைக்கும். வெளியே போகும்போது அடிக்கும் எண்ணும் அதுவும் பொருந்தினால் கதவைத் திறக்கும்.

ஒரே ஒரு குமாஸ்தாவின் ஷிப்டில் மட்டும் பொருந்தவில்லை. லாரிகள் வரிசை கட்டின. அவரும் என்னைப் போலத் தமிழர், லேக் மார்க்கெட் பக்கம் வீடு, ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. தப்பாக அடிக்கிறார் என்றார்கள். நியூ டவுன் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே நானும் அப்படி அறிக்கை அனுப்பினேன். அதை வைத்து அவரை வாசலிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் உறுத்தியது. கிளம்பிப் போனேன்.

வழியெல்லாம் தைரியம்தான். கற்றுக்குட்டிகள் இரண்டு சொற்களுக்கு நடுவே இரட்டைச் சமக்குறி போடுவார்கள். சி அப்போது சொற்களைப் பார்க்காது, கணினியின் நினைவகத்தில் அவை குடியிருக்கும் முகவரிகளைத்தான் பார்க்கும். நானோ எழுத்தெழுத்தாக ஒப்பிடும் strcmp போட்டிருந்தேன். என் பக்கம் என்ன தப்பு வரும்?

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒற்றை விரலால் நிதானமாக அடித்தார்: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு இன்னொன்று.

"அது என்ன சார் கடைசியில?"

"பெட்டியில தனியா கட்டம் போட்டு எழுதியிருக்கே, அந்த நம்பர்மா. மத்தவா யாரும் அடிக்கறதில்லை. அதையும் சேர்த்தாத்தான் முழு நம்பர்."

மடிக்கணினியில் என் நிரலைத் திறந்து பார்த்தேன். நான் மாதிரியாக எடுத்தது மற்றவர்கள் எழுதிய பதிவேட்டை. அதில் எல்லாமே எழுத்தும் இலக்கமும் சேர்த்துப் பத்துதான். சொல் முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்துக்கு ஓரிடம் சேர்த்துப் பதினோரு இடம் ஒதுக்கியிருந்தேன். அந்தப் பூஜ்யத்தின் இடத்தில் இவருடைய பதினோராவது எழுத்து உட்கார்ந்துவிட்டது. முடிவு எங்கே என்று தெரியாமல் நிரல் அடுத்த தகவலையும் சேர்த்துப் படித்து, பொருந்தவில்லை என்றது.

வெட்கமாக இருந்தது. அந்த வாசலில் ஒழுங்காக வேலை செய்த ஒரே மனிதரை மாட்டிவிட்டிருக்கிறேன். அறிக்கை பொய், தவறு என்னுடையது என்று அங்கிருந்தே மேலாளருக்கு எழுதினேன். நிரலில் ஒதுக்கிய இடத்தைப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டாக்கினேன்.

நான் தட்டிக்கொண்டிருந்ததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"அரே, இருக்கட்டும்மா. நாளைலேர்ந்து நானும் பத்தோட நிறுத்திக்கறேன். எத்தனை பேரோட மல்லுக்கட்டறது?"

"வேண்டவே வேண்டாம் சார். நீங்க அடிக்கறதுதான் சரி. தப்பு நான் பண்ணினது."

காத்திருந்த லாரியின் பெட்டியை மறுபடி பதியச் சொன்னேன். அவர் பதிந்தார்; பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெளியே போவதற்கும் பதினொன்றையும் அடித்தார். கதவு திறந்தது.