குரல் வராத பாட்டு

எங்கள் வீட்டில் தறி ஒன்று, ஆள் இரண்டு. பெரிய காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்கிற வீடுகளில் அப்படித்தான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருவரால் மட்டும் நெய்ய முடியாது. குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று. உடலுக்கான நாடாவையும் இடது கரை நாடாவையும் என் கணவர் ஓட்டுவார். வலது கரை நாடா என் கையில். அவர் ஓட்டினால் நான் ஓட்ட வேண்டும், அவர் நின்றால் நான் நிற்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷமாக அவருக்கு வலது பக்கம், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு முழம்தான். ஆனால் மனிதர் பேச மாட்டார். "இழை அறுந்துது." "ஊடை தீந்துது." "சாப்டலாம்மா." ஒரு நாளைக்கு இந்த மூன்றோடு சரி. நானோ வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்தவள். மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசி வளர்ந்த வாய். முதல் வருஷம் நானே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". எரிச்சல் தாங்காமல், தம்பி கொடுத்த எம்பி3 பிளேயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மீந்த பட்டுத் துண்டில் அதற்கு ஓர் உறை தைத்து, உறையின் வாய் ஓரத்தில் ஜரிகைக் கரையை மடித்துத் தைத்து, அதில் வயர் போக ஓட்டை விட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வேன்.

அதில் எனக்கு உயிரான பாட்டு ஒன்று உண்டு. படத்தில் வைக்காமல் கேசட்டோடு விட்டுவிட்ட பாட்டு. டிவியில் வராது, ஆடி மாதம் முழுக்க அலறுகிற கோயில் ஸ்பீக்கரிலும் வராது. தம்பி எங்கிருந்தோ பிடித்துப் போட்டிருந்தான். இரண்டாவது சரணத்தில் இரண்டு வரி குதிரை வேகத்தில் ஓடும், எனக்கு வாயில் நுழையாது. அந்த இடத்தில் 'லல்லல்லா' போட்டுத் தாண்டிவிடுவேன். மனசுக்குள்தான் பாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு ஓடினாலும் உள்ளே ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும். இந்த மனுஷனுக்கு நான் ஓர் ஆளாகத் தெரிகிறேனா, இல்லை தறியோடு சேர்ந்த ஒரு கட்டையா?

போன மாதம் ஒரு நாள் காலையில் நெடுக்கே ஓடுகிற பாவில் இழை அறுந்து அவர் "இரு" என்றிருக்கிறார். எனக்குக் காதில் விழவில்லை. நான் பாட்டுக்கு நாடாவை ஓட்டிவிட்டேன். கரையும் உடலும் சேருகிற இடம் கோணிவிட்டது. மத்தியானம் வரை இரண்டு பேரும் குனிந்து பிரித்தோம். அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த மௌனம்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"நீங்க நாலு வார்த்தை பேசினா நான் ஏன் இத காதுல மாட்டிக்கினு உக்கார்றேன்? பக்கத்துல ஒருத்தி இருக்கான்னாவது தெரியுதா உங்களுக்கு?"

இன்னொரு இழையைப் பிரித்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து போய் அடுப்படியில் அழுதேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு வயர் வாங்கி வந்தார். அலமாரியில் துணி போர்த்திக் கிடந்த பழைய ஸ்டீரியோ செட்டை இறக்கித் தூசி தட்டினார். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது, கேசட் போடுகிற பக்கம் எப்போதோ செத்துவிட்டது.

"இதுல மாட்டுனா ரெண்டு பேருக்கும் கேக்கும். நான் கூப்பிட்டாலும் உனக்குக் கேக்கும்" என்றார்.

ஒரு முனையைச் செட்டின் பின்னால் செருகினார். மறு முனையை நான் உறையின் ஓட்டை வழியாகப் பிளேயரில் செருகினேன். என் பாட்டைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் தறியில் உட்கார்ந்தோம். வயலின் வந்தது, தபேலா வந்தது, புல்லாங்குழல் வந்தது. பாடுகிறவர் குரல் மட்டும் வரவில்லை. காது கொடுத்துக் கேட்டால் அடுத்த தெருவில் யாரோ முனகுவது மாதிரி இருந்தது.

"மட்டமான வயர உங்க தலையில கட்டிட்டான்" என்றேன்.

அவர் தறியின் மிதியை மிதித்து நாடாவை ஓட்டினார். நானும் ஓட்டினேன். பல்லவி திரும்பி வந்தபோது பக்கத்தில் சன்னமாக ஒரு குரல். என் கணவர் பாடிக்கொண்டிருந்தார். சுருதி கிடையாது, ஆனால் ஒரு வார்த்தை பிசகவில்லை. முதல் சரணம் முடிந்து இரண்டாவது சரணம் வந்தது. அந்த இரண்டு வரி வந்தது. அவர் தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'லல்லல்லா' என்று பாடித் தாண்டினார்.

எழுந்து போய்ப் பிளேயரைப் பார்த்தேன். தப்பு வயரில் இல்லை, என் தையலில். காதில் மாட்டுகிற வயருக்கு முனைப் பிடி ஒல்லி. இதன் பிடி தடி. நான் மடித்துத் தைத்த ஜரிகை குறுக்கே நின்று, பாதிக்கு மேல் உள்ளே விடவில்லை. முனை முழுசாக உட்காராவிட்டால் வாத்தியம் வரும், குரல் வராது. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

இப்போது குரல் கணீரென்று வந்தது. அவர் பாடுவதை நிறுத்திவிட்டு நெய்தார். இரண்டாவது சரணத்தில் அந்த இரண்டு வரி வந்ததும் அவர் கை நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"இங்க வார்த்தை இருக்குதாம்மா? நான் லல்லல்லாதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அந்தப் பாட்டை அவர் அதுவரை கேட்டதே இல்லை. அத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது என்னைத்தான்.

அவர் நின்ற பிறகும் என் கை நாடாவை ஓட்டியிருந்தது. கரை மறுபடியும் கோணிவிட்டது. இரண்டு பேரும் குனிந்து பிரித்தோம். அன்றைக்கும் அவர் திட்டவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை.